யாருடைய இன்பம் குற்றம்?

பெங்களூரில் வடிக்கும் ‘கிராஃப்ட் பீர்’ ரசனை. குமரி மாவட்டத்துப் பனையில் இறக்கும் கள் குற்றம். ஏன்?

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி. தடவாவிட்டால் தானே நொதித்துக் கள். இந்த உழைப்பின் மீது திருவிதாங்கூர் அரசு ஏணிக்கும் தளைக்கும்கூட வரி போட்டது. சாணார் பெண்கள் மேலாடைக்காக 1859 வரை போராடினார்கள். புலையரையும் பறையரையும் அடிமைகளாக வைத்திருக்க 1855 வரை சட்டம் அனுமதித்தது. அவர்களுக்கு அந்தி நேரத்து ஓய்வே மறுக்கப்பட்ட உரிமை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இங்கோ 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறையில் மது விற்கிறது. ஆக, தடை போதைக்கு அல்ல, பனையேறியின் கலயத்துக்கு.

குடியால் நம் பெண்கள் படும் பாட்டைக் களப்பணியில் அன்றாடம் பார்க்கிறோம். சாதி பார்த்த பழைய காலத்தைப் பொற்காலம் என்றும் சொல்ல மாட்டோம். ஆனால் உழைப்பவரின் சிறு இன்பத்தை ஒழுக்கக்கேடு என்றும், வசதி உள்ளவரின் இன்பத்தை ரசனை என்றும் பிரிப்பது எது? தோழர்களே, மது பற்றிய விவாதத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.