வளைகோட்டில் தமிழ் எழுத்து: பலகை எழுத்து முதல் கணினி வரை

முன்னுரை

காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார், தமிழ் அச்சு நூல்களின் பெருந்தொகுப்பாளராக அறியப்படுபவர். அவர் 1992இல் மறைந்தபின், அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. அவர் பயின்ற தொழில் விளம்பரப் பலகை எழுதுதலாகும். அத்தொழிலின் ஒரு கூறான வளைவெழுத்தை முன்வைத்து, தமிழில் எழுத்தின் அலகு எது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பலகை எழுத்து

ஒரே மையமுடைய இரு விற்களை வரைந்து, அவற்றிடையே எழுத்துகளை நிறுத்துவது வளைவெழுத்தின் பொது முறை. எழுத்தின் நடுக்கோடு மையத்தை நோக்கும். 'கொ' என எழுதும் கை, கொம்பு, ககரம், கால் ஆகிய மூன்றையும் ஒரே வடிவமாகக் கொள்ளும். எனவே இடைவெளி எழுத்துகளுக்கு நடுவே அமையுமேயன்றி எழுத்துக்குள் அமையாது. தண்டியலங்காரம் கூறும் நாகபந்தம் முதலிய சித்திரகவிகளிலும் உயிர்மெய் பிளக்கப்படுவதில்லை.

பழைய ணை, லை, ளை, னை வடிவங்களில் ஐகாரக் குறி மெய்வடிவின் தலையோடு இணைந்திருந்தது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணை அதனைத் தனிக் குறியாக்கியது. அச்சுக்கு எளிமை தந்த இம்மாற்றத்தால், வளைவில் ஓருருவாய் நின்றவை ஈருறுப்பாயின.

கணினி எழுத்து

2001இல் பரிந்துரையாக வெளிவந்த எஸ்.வி.ஜி. தரத்தின்படி, ஒவ்வொரு வரிவடிவின் அகல நடுப்புள்ளியும் வளைகோட்டில் வைக்கப்பட்டு, வடிவம் அவ்விடத்துக் கோட்டின் திசைக்குத் திருப்பப்படுகிறது. ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம் என்றமையும் உரோமன் எழுத்துக்கு இது பொருந்தும். தமிழிலோ, உறுப்புகள் தனித்தனியே திருப்பப்படின், புறவளைவில் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகிச் சாயும். அகவளைவில் அவற்றின் தலைகள் மோதும்.

1999இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் குறியீடுகள் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தனிக் குறியாகச் சேமித்தன. ஒருங்குறி மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்னும் தொல்காப்பியக் கருத்தோடு இவ்வரிசை ஒத்தது. ஆயினும் ஒலிவரிசை வடிவ ஒருமையைத் தானே தருவதில்லை. மெய்யையும் குறியையும் ஒரு தொகுதியாக மென்பொருள் கருதினாலன்றி வளைவில் எழுத்து சிதையும். 2010இல் ஒருங்குறியுடன் தமிழக அரசு ஏற்ற டேஸ்16 குறியேற்றம், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் வழங்கி இச்சிக்கலைக் குறியேற்ற நிலையிலேயே தவிர்க்கிறது.

முடிவுரை

சிதைவைத் தவிர்க்க, எழுத்துகளைப் புறக்கோட்டு வடிவங்களாக மாற்றி, ஒவ்வோர் எழுத்தின் உறுப்புகளையும் ஒன்றாகக் கட்டித் திருப்புவது வடிவமைப்பாளர் கையாளும் வழிகளுள் ஒன்று. இதனால் உருவம் காக்கப்படுகிறது. ஆனால் பனுவல் படமாகிறது. தலைப்பும் பெயரும் தேடலுக்கு அகப்படாத ஆவணங்கள் நாளைய நூலகத் தொகுப்புகளுக்கு இழப்பாகும். ஆகவே இடைவெளி, சாய்வு, திருப்பம் ஆகிய அனைத்தையும் உயிர்மெய்த் தொகுதியை அலகாகக் கொண்டு இயக்குவதே தமிழுக்குரிய முறையாகும். பலகை எழுதிய கை பின்பற்றிய அலகும் அதுவே.