‘கேட்டிருக்க வேண்டும்’: ஒரு பிரெஞ்சு வினைவடிவமும் தேர்வாய் கண்டிகையும்

1

பிரெஞ்சு படிக்கிறவர்கள் கடைசியாகப் போய்ச் சேருகிற வினை அட்டவணை ஒன்று உண்டு. ‘எம்பார்ஃபே த்யூ சுப்ஜோன்க்திஃப்’ என்று பெயர். தமிழில் இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கலைச்சொல் இல்லை. இப்போதைக்கு ‘இறந்தகால விழைவு வினை’ என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விரும்பினார், பயந்தார், உத்தரவிட்டார், சந்தேகப்பட்டார். எல்லாம் போன காலத்தில். அந்த விருப்பமும் பயமும் உத்தரவும் பெரும்பாலும் இன்னொருவர் செய்யவேண்டிய காரியத்தைப் பற்றியவை. அந்த இன்னொருவரின் வினைக்குத்தான் இந்த உருவம்.

ஆக்குகிற முறை ஒன்றும் கஷ்டமில்லை. எழுத்துமொழியில் மட்டும் வாழும் எளிய இறந்தகாலத்தின் அடியை எடுத்து, அதனோடு இரட்டை ‘ஸ்’ சேர்த்து, இட ஈற்றைப் போட்டால் முடிந்தது. நேசித்தலைக் குறிக்கும் வினை தன்மை ஒருமையில் ‘எமஸ்’, தன்மைப் பன்மையில் ‘எமஸ்யோன்’. படர்க்கை ஒருமையில் மட்டும் ஸகரங்கள் உதிர்ந்து, உயிரெழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறி ஏறும்: ‘எமா’. லத்தீனின் ‘அமாவிஸ்ஸெம்’ தேய்ந்து வந்த வடிவம் இது.

பேச்சுமொழி இதை எப்போதோ கைவிட்டுவிட்டது. அடுக்கடுக்கான ஸகரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே நகைச்சுவை எழுத்தாளர்களுக்குத் தீனியாகிவிட்டன. நாவல்களில் படர்க்கை ஒருமை மட்டும் தாக்குப்பிடித்தது. 1901 பிப்ரவரி 26ஆம் தேதியிட்ட பிரெஞ்சுக் கல்வி அமைச்சரின் ஆணை, சில இடங்களில் இதற்குப் பதிலாக நிகழ்கால விழைவு வினையை மாணவர் எழுதினால் தேர்வில் பிழையாகக் கொள்ளவேண்டாம் என்றது. 1976 டிசம்பரில் இன்னோர் ஆணை அந்தச் சலுகையை விரித்தது. ஒரு வினைவடிவத்தின் சாவுச் செய்தி தேர்வுத் தாள் திருத்துகிறவர்களுக்கான சுற்றறிக்கையாக வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது கடைசிவரை உயிரோடிருந்த இடம் தேர்வுதான்.

2

செத்த வடிவத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. பூர்தியூ 1982இல் வெளியிட்ட மொழி பற்றிய நூலில் மொழியை ஒரு சந்தையாகப் பார்க்கிறார். எல்லோருக்கும் கிடைக்கிற சரக்குக்கு அங்கே விலை கிடையாது. எவருக்கும் தேவைப்படாத, ஆனால் சிலருக்கு மட்டுமே தெரிந்த வடிவம்தான் அங்கே மூலதனம். நம்மூரில் செய்யுள் நடையில் மேடைப்பேச்சு பேசுகிறவர் வாங்குகிற கைதட்டலை நினைத்துக்கொள்ளுங்கள்.

காம்யுவுக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய ‘அந்நியன்’ பேச்சுவழக்கின் இறந்தகாலத்தில் எழுதப்பட்ட நாவல். 1980இல் வெ. ஸ்ரீராம் அதைத் தமிழாக்கியபோது, நம் மொழியில் எழுத்துக்கொன்று பேச்சுக்கொன்று என இரண்டு இறந்தகாலங்கள் இல்லாததால், அந்தக் கலகம் நம் காதில் விழ வழியில்லாமல் போயிற்று. 1956இல் வந்த ‘வீழ்ச்சி’யில் காம்யு தலைகீழாகச் செய்கிறார். முன்னாள் பாரீஸ் வழக்கறிஞன் கிளமான்ஸ், ஆம்ஸ்டர்டாம் மதுக்கடை ஒன்றில், பேச்சுவாக்கில் ஓர் இறந்தகால விழைவு வினையைப் போடுகிறான். எதிரே இருப்பவர் முகம் மாறுவதைக் கவனித்து, அழகிய மொழியின்மேல் தனக்கொரு பலவீனம் உண்டென்று ஒப்புக்கொள்கிறான். நாவல் முழுக்கத் தன்னைத் தானே குற்றஞ்சாட்டிக்கொண்டு, அதன் வழியாகவே அடுத்தவரை நியாயந்தீர்க்கிற ஆசாமி அவன். அவன் வாயில் இந்த வடிவம் வருவது தற்செயல் இல்லை.

3

பாண்டிச்சேரிக்கு வருவோம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கவர்னர்கள் விரும்புகிறார்கள், கோபிக்கிறார்கள், உத்தரவிடுகிறார்கள். ‘கவர்னர் அவன் வரவேண்டும் என்று விரும்பினார்’ என்ற மாதிரி வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய பிரெஞ்சு இலக்கணத்தில் ‘விரும்பினார்’ இறந்தகாலம் என்பதால், கீழே இருக்கும் ‘வருதல்’ வினையும் இறந்தகால விழைவுக்கு இறங்கி ‘வேன்’ என்று ஆகவேண்டும். காலங்களின் இசைவு என்று இதைச் சொல்வார்கள். மேல் வினையின் காலம் கீழ் வினையின் காலத்தைத் தீர்மானிக்கும். தமிழில் அப்படி இல்லை. ‘வரவேண்டும்’ அப்படியே நிற்கிறது. ‘என்று’ என்கிற சின்னச் சொல், சொன்ன வார்த்தையைச் சொன்ன காலத்தோடு பெயர்த்துக்கொண்டு வந்து வைத்துவிடுகிறது.

உடனே ‘தமிழின் ஜனநாயகம் பார்’ என்று கிளம்பிவிடக் கூடாது. நம்முடைய வியங்கோளின் கதையைப் பாருங்கள். தன்மை, முன்னிலை இரண்டோடும் வியங்கோள் நிலைபெறாது என்றது தொல்காப்பியம். நன்னூல் அதை எல்லா இடங்களுக்கும் திறந்துவிட்டது. வாழ்த்தும் சாபமும் ஏவலும் யாரை நோக்கிப் போகலாம் என்பதற்கு இங்கேயும் விதி இருந்தது, அது மாறியும் இருக்கிறது. அரசாணைத் தமிழின் ‘நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்’ என்கிற வாக்கியத்தில் எடுக்கிறவர் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆளை ஒளித்துவைக்கிற வித்தையில் இரண்டு மொழிகளும் சளைத்தவை இல்லை.

பிரெஞ்சு இந்தியாவில் இந்த இலக்கணம் சட்டமாகவும் நடந்தது. 1873இல் நீதிமன்றத்துக்குச் சப்பாத்து போட்டு வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரீஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. 1881 செப்டம்பர் 21 ஆணை, இந்துவோ முஸ்லிமோ தன் வழிவழியான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வழிசெய்தது. பொன்னுத்தம்பி ‘லபோர்த்’ ஆனார். லபோர்த் என்றால் கதவு. துறந்தவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். அவர்களுக்கு அது சாதியைவிட்டு வெளியேறும் கதவு. ஆனால் 1884இல் வாக்காளர்கள் ஐரோப்பியர், துறந்தவர், மற்றவர் என்று மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டார்கள். சமமாகவேண்டும் என்று குடியரசு விரும்பியது. சமமானார்களா என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. விழைவு வினையின் வேலையே அதுதான்: விருப்பம் பதிவாகும், நடந்ததா என்கிற பொறுப்பு பதிவாகாது.

4

பாண்டிச்சேரி 1954இல் கைமாறியது, 1962இல் சட்டப்படியும் மாறியது. அத்தோடு பிரெஞ்சு நம் கணக்கிலிருந்து போய்விட்டதென்று நினைத்தோம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம், தேர்வாய் கண்டிகை. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். ஊரை ஒட்டி மேய்க்காலும் காடுமாக 1,100 ஏக்கருக்கு மேல் பொதுநிலம் இருந்தது. மாடு மேய்க்க, விறகு பொறுக்க, ஏரிகளுக்குத் தண்ணீர் வர அதுதான் வழி. சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு நிலம் என்றால் அது. அந்த இடம் சிப்காட் தொழில் பூங்காவுக்கு எடுக்கப்பட்டது. 2009இல் மிஷெலின் டயர் நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊர் எதிர்த்தது. போராட்டம், கைது, வழக்கு எல்லாம் நடந்தது. தொழிற்சாலையும் வந்தது.

2012 ஜூலையில் வழக்கு மொழி மாறியது. தேர்வாய் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும், பிரான்சின் செ.ஜெ.தே தொழிற்சங்கம், ஷெர்பா, செ.செ.எஃப்.தே அமைப்புகளோடு சேர்ந்து பாரீஸில் புகார் கொடுத்தன. பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. வழிகாட்டு நெறிகள் மீறப்பட்டன என்பது புகார். விசாரிக்க வேண்டிய தேசியத் தொடர்பகம் பிரெஞ்சு நிதி அமைச்சகத்தின் குடையின்கீழ் இயங்குவது. 2013 செப்டம்பரில் முடிவு வந்தது. சாரம் இதுதான்: நெறிகள் மீறப்படவில்லை, ஆனால் நிறுவனம் இன்னும் சில செய்வது நல்லது. புகார் கொடுத்தவர்கள் இதை ஏற்கவில்லை.

இங்கேதான் நம் வினைவடிவம் வேண்டியிருக்கிறது. ‘ஊர் மக்களைக் கேட்டிருக்க வேண்டும்’ என்பதைப் பழைய இலக்கணச் சுத்தமாகப் பிரெஞ்சில் எழுதினால் ‘இல் யூ ஃபல்யூ கோன் லே கோன்ஸ்யுல்தா’. இதில் வரும் ‘யூ’, ‘கோன்ஸ்யுல்தா’ இரண்டுமே இறந்தகால விழைவு வடிவங்கள். முதல் எழுவாய் ‘இல்’ என்பது ‘மழை பெய்கிறது’ என்பதற்குப் போடுகிற வெற்று எழுவாய். ‘கோன்’ என்பதற்குள் இருக்கும் இரண்டாவது எழுவாய் ‘ஓன்’. அது யாரோ, நாம், அவர்கள், எல்லோரும், ஒருவருமில்லை. கேட்டிருக்க வேண்டியவர் சிப்காட்டா, மாவட்ட ஆட்சியரா, நிறுவனமா? வாக்கியம் அழகாக இருக்கிறது, ஆள் இல்லை. தமிழிலும் ‘கேட்டிருக்க வேண்டும்’ என்றால் அதே கதைதான். ‘கேக்காம எடுத்துக்கிட்டாங்க’ என்று ஊர்ப் பேச்சில் போட்டுப் பாருங்கள். எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்று வினைமுற்றே காட்டிக்கொடுக்கும். அந்த ‘ஆங்க’வை எந்த மொழிபெயர்ப்பில் தொலைத்தோம் என்பதுதான் கேள்வி.

நெறிமுறைகளின் மொழி விழைவின் மொழி. செய்வது நல்லது, செய்தால் தகும் என்பதைத் தாண்டாது. சட்டத்தின் மொழி வேறு. பிரெஞ்சுச் சட்டங்கள் கடமையைச் சொல்லும்போது பொதுவாக வெறும் நிகழ்காலத்தில் எழுதும்: நிறுவனம் செய்கிறது, வெளியிடுகிறது. நடப்பதைச் சொல்வதுபோலக் கட்டளை. 2017 மார்ச் 27இல் பிரான்ஸ் நிறைவேற்றிய ‘விழிப்புக் கடமை’ச் சட்டம் இந்த வகை. பிரான்சில் 5,000 பேர் அல்லது உலக அளவில் 10,000 பேருக்கு வேலை தரும் நிறுவனங்கள், தம் துணை நிறுவனங்களின் செயல்கள் மனித உரிமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் உண்டாக்கும் ஆபத்தைக் கண்டறிந்து திட்டம் வெளியிட வேண்டும். தவறினால் நீதிமன்றம் கேட்கும். இது தேர்வாயின் மேய்க்காலைத் திருப்பித் தரவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே அங்கே வேலி போட்டாகிவிட்டது. ஆனால் விழைவிலிருந்து நிகழ்காலத்துக்கு ஒரு வினையை நகர்த்த முடியும், அதற்கு ஆள் சேரவேண்டும் என்று அது காட்டுகிறது.

ஆகவே, தோழர்கள் அந்த அட்டவணையைக் கட்டாயம் படிக்கலாம். அலங்காரத்துக்காக வேண்டாம், கிளமான்ஸுக்கு அது போதும். நம் நிலத்தைப் பற்றிய தாள்கள் பாரீஸிலும் சென்னையிலும் எழுதப்படுகின்றன. அவற்றில் எந்த வினை யாருக்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே எழுவாய் காணாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அடுத்த அறிவிப்பு ஒட்டப்படும்போது அது பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும். ‘எடுக்கப்படும்’ என்றுதான் முடியும். யார் எடுக்கிறார்கள் என்று அப்போதே கேட்கவேண்டும். அதை விட்டுவிட்டால் பிறகு நமக்கு மிஞ்சுவது ‘கேட்டிருக்க வேண்டும்’ மட்டும்தான்.