வக்கீல், பிளீடர், பாரிஸ்டர்: ஒரு தொழிலின் பல பெயர்கள்

"சார், லாயர், அட்வகேட், அட்டர்னி, பாரிஸ்டர் எல்லாம் ஒண்ணுதானே?" என்னிடம் ஜூனியராக வந்த பிள்ளைகள் பலரும் கேட்ட கேள்வி இது. நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னை மாகாணத்தில் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பெயர்களில் எது உங்களுக்கு வாய்த்ததோ, அதை வைத்தே எந்தக் கோர்ட்டில் நீங்கள் நிற்கலாம், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம், எந்தப் பதவிக்கு ஆசைப்படலாம் என்பது முடிவானது. திருநெல்வேலிக் கோர்ட்டுகளில் தொழில் பார்த்து ஓய்ந்தவன் நான். இளையவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

லாயர் என்பது பொதுச்சொல். சட்டம் படித்துத் தேர்ந்த யாரையும் அப்படி அழைக்கலாம். மற்றவை ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு சங்கங்களில் ஒன்று ஏற்றுக்கொண்டவர் பாரிஸ்டர். நீதிபதி முன் நின்று வாதாடுவது அவர் வேலை. கட்சிக்காரர் நேராக அவரிடம் போவதில்லை. கட்சிக்காரரைக் கண்டு பேசி, பத்திரங்களைத் திரட்டி, வழக்கை உருவாக்கி பாரிஸ்டர் கையில் கொடுப்பவர் வேறொருவர். பொதுச் சட்ட நீதிமன்றங்களில் அவருக்கு அட்டர்னி என்று பெயர். சான்சரி நீதிமன்றத்தில் சொலிசிட்டர். 1873-ஆம் வருஷத்துச் சட்டம் 1875-இல் நடைமுறைக்கு வந்தபோது அவர்கள் எல்லோருமே சொலிசிட்டர் ஆனார்கள்.

சென்னைக்கு இந்த ஏற்பாடு கப்பலேறி வந்தது. 1801-இல் இங்கே தொடங்கிய சுப்ரீம் கோர்ட்டில் பாரிஸ்டர்களும் அட்டர்னிகளும் தொழில் செய்தார்கள். மாகாணத்து அப்பீல்களைக் கேட்டது கம்பெனியின் சதர் அதாலத். அங்கே வாதாடியவர்கள் நம் ஊர் வக்கீல்கள். 1862-இல் இரண்டையும் இணைத்து உயர் நீதிமன்றம் அமைந்தது. கோர்ட் ஒன்றானாலும் ஆட்கள் ஒன்றாகவில்லை. அதன் சாசனமே அட்வகேட், வக்கீல், அட்டர்னி என்று மூன்று வகையாரைத் தனித்தனியே குறிப்பிட்டது. அட்வகேட் என்றால் அன்றைக்குப் பெரும்பாலும் பாரிஸ்டர். நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாரிஸ்டர்கள் இருக்க வேண்டும், தலைமை நீதிபதி பாரிஸ்டராகவே இருக்க வேண்டும் என்று 1861-ஆம் வருஷத்து உயர் நீதிமன்றச் சட்டம் வகுத்திருந்தது. எவ்வளவு படித்த வக்கீலாக இருந்தாலும், லண்டன் போய் வராதவருக்கு அந்த நாற்காலி இல்லை.

இந்தச் சுவரை முதலில் இடித்தவர்கள் சென்னை வக்கீல்கள். அதை நான் பெருமையோடு சொல்வேன். பாரிஸ்டரும் அட்டர்னியும் தங்களுக்கே உரியதாக வைத்திருந்த ஒரிஜினல் சைடில், அதாவது வழக்குகள் நேராக உயர் நீதிமன்றத்திலேயே தொடங்கும் பிரிவில், வக்கீல்களும் ஆஜராகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் விதி செய்தது. அட்டர்னிகள் அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். 1876-இல் தீர்ப்பு வந்தது; வக்கீல்களின் உரிமை நிலைத்தது. கட்சிக்காரரிடம் விவரம் கேட்டவரே மனுவும் எழுதி, கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடவும் செய்தார். இரண்டு பேருக்குக் கூலி கொடுக்கும் சுமை கட்சிக்காரருக்குக் குறைந்தது. 1897-இல் வி. பாஷ்யம் ஐயங்கார் தற்காலிக அட்வகேட் ஜெனரல் ஆனார். சென்னையில் அந்த இடத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். பாரிஸ்டர் அல்ல, வக்கீல்.

வக்கீலுக்கும் கீழே பிளீடர். 1879-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பரீட்சை எழுதி, சன்னது என்ற தொழில் உரிமம் வாங்கி, அதை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டு, கீழ்க் கோர்ட்டுகளில் தொழில் செய்தவர்கள் அவர்கள். எங்கள் ஜில்லாவில் அந்தப் பெயருக்கு மரியாதை தேடித் தந்தவர் வ.உ.சி. ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் அவர் பிளீடர்.

காந்தி பாரிஸ்டர். 1891-இல் இன்னர் டெம்பிள் அவரை ஏற்றது. நாட்டுக்காகச் சிறை சென்ற இருவருமே தொழிலை இழந்தார்கள், ஆனால் இழந்த இடம் வேறு வேறு. வ.உ.சி.யின் சன்னது இங்கே பறிபோனது. காந்தியின் பெயரை 1922-இல் நீக்கியது லண்டனில் இருந்த அவருடைய சங்கம். யார் கொடுத்தார்களோ அவர்களே பறிக்கவும் முடியும்; பாரிஸ்டருக்கும் பிளீடருக்கும் இருந்த வித்தியாசம் இதிலேயே துலங்குகிறது. பின்னாளில் வ.உ.சி.க்குச் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை மறக்காமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.

பெண்களுக்கு இந்தப் பெயர்களில் எதுவுமே எளிதில் கிட்டவில்லை. பெண் என்பதற்காக யாரையும் இத்தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று சொல்ல 1923-இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது.

பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1926-ஆம் வருஷத்து பார் கவுன்சில் சட்டம் உயர் நீதிமன்றத்தில் பாரிஸ்டர், வக்கீல் பேதத்தை ஒழிக்க வழி திறந்தது. 1961-ஆம் வருஷத்து அட்வகேட்ஸ் சட்டம் நாடு முழுவதற்கும் அட்வகேட் என்ற ஒரே வகையை ஏற்படுத்தியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அட்டர்னி முறை 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் வரும்வரை தாக்குப்பிடித்தது.

பழைய பெயர்கள் இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரி அட்டர்னி ஜெனரல். மாநிலத்துக்கு அட்வகேட் ஜெனரல். அரசின் சிவில் வழக்குகளை நடத்துபவர் கவர்ன்மென்ட் பிளீடர். நாம் கோர்ட்டில் இன்றும் தாக்கல் செய்வது வக்காலத்து. பவர் ஆஃப் அட்டர்னி என்ற பவர் பத்திரத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதில் அட்டர்னி என்றால் வழக்கறிஞர் அல்ல, உங்களுக்குப் பதிலாகச் செயல்பட நீங்கள் நியமிக்கும் ஆள். நிலத்தை விற்கும் அதிகாரம்கூட அவர் கைக்குப் போகலாம். கையெழுத்துப் போடுமுன் வாசகத்தை முழுக்கப் படித்துப் பாருங்கள்.

இன்று தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பார் கவுன்சிலில் பதிவு செய்த எந்த அட்வகேட்டும் இந்தியாவின் எந்தக் கோர்ட்டிலும் தொழில் செய்யலாம் என்ற உரிமையைத் தருவது அந்தப் பிரிவு. கோவில்பட்டி முன்சீப் கோர்ட்டில் நிற்பவருக்கும் டெல்லி உச்ச நீதிமன்றத்தில் நிற்பவருக்கும் அதில் பேதமில்லை.