லண்டன் டூ பாரிஸ் எவ்வளவு தூரம்? விமானமா, ரயிலா... எதில் சீக்கிரம் போகலாம்?

ஐரோப்பா டூர் போறவங்க பெரும்பாலும் ஒரே பயணத்தில் பார்த்துவிட நினைக்கும் இரண்டு நகரங்கள் லண்டன், பாரிஸ். இவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம், போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பார்க்கலாம்.

தூரம் எவ்வளவு?

நேர்கோட்டில் அளந்தால் சுமார் 344 கி.மீ. தான். ரயில் பாதை வழியாக சுமார் 490 கி.மீ., சாலை வழியாக சுமார் 460 கி.மீ.

விமானத்தில் எவ்வளவு நேரம்?

லண்டன் ஹீத்ரோவில் இருந்து பாரிஸின் சார்லஸ் டி கோல் விமான நிலையத்துக்கு சுமார் 1 மணி 20 நிமிடம். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் பலருக்கும் குழப்பம் வரும். காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் 12.20-க்கு பாரிஸ் போய்ச் சேரும் என்று இருக்கும். திரும்பி வரும்போதோ, 10 மணிக்குக் கிளம்பி 10.20-க்கே லண்டன் வந்துவிடும்!

காரணம், பாரிஸ் நேரம் லண்டனை விட 1 மணி நேரம் முன்னால் இருக்கிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள்.

ரயிலில் எவ்வளவு நேரம்?

லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் இருந்து பாரிஸ் கார் து நோர் நிலையத்துக்கு யூரோஸ்டார் ரயிலில் சுமார் 2 மணி 20 நிமிடம். மணிக்கு 300 கி.மீ. வேகம் வரை போகும் இந்த ரயில், ஆங்கிலக் கால்வாயை சுரங்கம் வழியாகக் கடக்கிறது. 1994-ல் திறக்கப்பட்ட இந்தச் சுரங்கத்தின் நீளம் சுமார் 50 கி.மீ.; அதில் சுமார் 38 கி.மீ. கடலுக்கு அடியில் இருக்கிறது.

அப்போ எது சீக்கிரம்?

பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் விமானம். வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டால் ரயில்தான்!

விமானம் என்றால் ஏர்போர்ட் போக 1 மணி நேரம், செக்-இன், செக்யூரிட்டிக்கு 2 மணி நேரம், பிறகு பயணம், அங்கிருந்து ஊருக்குள் போக 1 மணி நேரம். மொத்தம் 5 மணி நேரத்தைத் தாண்டிவிடும். ரயில் நிலையங்கள் இரண்டுமே ஊருக்குள் இருப்பதால், ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போனாலும் சுமார் 4 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

காரில் போனால்?

காரையே ரயிலில் ஏற்றி, 35 நிமிடத்தில் சுரங்கத்தைக் கடக்கலாம். மொத்தப் பயணம் சுமார் 6 மணி நேரம். பிரிட்டனில் இடதுபக்கம் ஓட்டியவர்கள், பிரான்ஸில் வலதுபக்கம் ஓட்ட வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

விசாவில் கவனம்!

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியமான விஷயம் இது. பிரிட்டன் சுற்றுலா விசாவை வைத்து பாரிஸ் போக முடியாது. அதற்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பிரான்ஸ் எல்லை அதிகாரிகள் லண்டன் ரயில் நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பார்கள். விசா இல்லாவிட்டால் ரயில் ஏறவே முடியாது.

முதலில் பாரிஸ், நடுவில் லண்டன், மறுபடியும் பாரிஸ் வந்து ஊர் திரும்புவது பிளான் என்றால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா போதாது. விண்ணப்பிக்கும்போதே, பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்க வேண்டும். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் விசாவை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.