அமெரிக்கப் படைவீரர் குடும்பங்களின் சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கான கல்விக் கொள்கை

ஐக்கிய அமெரிக்காவில் படைவீரர்களின் சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கான கல்விக் கொள்கை என்பது, 1970களில் இருந்து படிப்படியாக உருவான சட்டங்களின் தொகுப்பாகும். படைவீரர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் செய்யப்படுகின்றனர். பேச்சுப் பயிற்சியோ இயன்முறை மருத்துவமோ தேவைப்படும் குழந்தைக்கு, ஒவ்வொரு இடமாற்றமும் பல மாதக் கல்வி இழப்பாக முடியக்கூடும்.

தொடக்கம்

1975க்கு முன்பு பல பள்ளிகள் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்க்க மறுத்தன. அவ்வாண்டு இயற்றப்பட்ட கல்விச் சட்டம், இவர்களுக்கு இலவசமான, தகுந்த பொதுக்கல்வியை உரிமையாக்கியது. ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்து வடிவில் தனிநபர் கல்வித் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. 1946 முதல் வெளிநாட்டுத் தளங்களில் இயங்கிவந்த படைத்துறைப் பள்ளிகளுக்கும் இக்கடமையை 1978ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக்கியது.

இடமாற்றமும் மாநிலங்களும்

தகுதி வரையறைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டதால், ஓரிடத்தில் கிடைத்த உதவி மற்றோரிடத்தில் நின்றுபோனது. கல்வியாண்டின் நடுவே மாறிவரும் குழந்தைக்கு, பழைய திட்டத்துக்கு ஒப்பான சேவைகளைப் புதிய பள்ளி உடனே அளிக்க வேண்டும் என 2004ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. 2008இல் நடைமுறைக்கு வந்த மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தமும் இதை வலியுறுத்தியது. 2014க்குள் 50 மாநிலங்களும் அதில் இணைந்தன.

படைத்துறையின் பங்கு

சிறப்புத் தேவையுள்ளோர் இருக்கும் குடும்பங்களைப் படைத்துறை தனித் திட்டம் ஒன்றில் பதிவு செய்கிறது. முழுநேரப் பணியில் உள்ள வீரர்களுக்குப் பதிவு கட்டாயம். இடமாற்ற ஆணைக்கு முன்பு, புதிய இடத்தில் தேவையான சேவைகள் உள்ளனவா எனப் பார்க்கப்படுகிறது. ஆயினும் பதவி உயர்வு பாதிக்கப்படுமோ என்ற அச்சத்தால் சிலர் பதிவைத் தவிர்த்தனர். இதனால் உதவி தேவைப்பட்ட குழந்தையே கணக்கில் வராமல் போனது.

2009இல் நாடாளுமன்றம் இதற்கெனப் பாதுகாப்புத் துறையில் ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தியது. எனினும், படைப்பிரிவுகளுக்கிடையே உதவியின் அளவு பெரிதும் வேறுபடுவதாக அரசின் தணிக்கை அமைப்பு 2018இல் சுட்டிக்காட்டியது. 2021 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம், எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே சீரான நடைமுறையைக் கோரியது.

தொடரும் சிக்கல்

‘ஒப்பான சேவை’ என்பது அதே சேவை ஆகாது. புதிய பள்ளி குழந்தையை மறுமதிப்பீடு செய்து, திட்டத்தை மாற்றி அமைக்கலாம். அதில் உடன்படாத பெற்றோர் முறையீடு செய்யலாம். ஆனால் அது முடிவதற்குள் அடுத்த இடமாற்ற ஆணை வந்துவிடக்கூடும்.