தொட்டிலும் வாளும்

வேல்ஸ் நாட்டின் வடபகுதியில், ஸ்னோடன் மலையை அடுத்து, கொல்வின், கிளாஸ்லின் ஆகிய இரு ஆறுகள் கூடுமிடத்தில் பெத்கெலர்ட் என்னும் சிற்றூர் உள்ளது. தம் நாய்களோடு வார இறுதியைக் கழிக்க அங்கு வருவோர் பலர். ஆடுகள் மேயும் வெளியாதலால், நாயை வாரில் பிடித்தபடியே ஆற்றோரம் நடந்தால் மரநிழலில் ஒரு கல்லறையைக் காணலாம். கெலர்ட் என்ற வேட்டைநாயின் கல்லறையாம் அது.

1240-இல் மறைந்த இளவரசர் லிவெலின், ஒருநாள் வேட்டையாடித் திரும்பினார். தொட்டில் கவிழ்ந்து கிடந்தது. நாயின் வாயில் இரத்தம். மகனைக் கொன்றதென எண்ணி நாயை வாளால் குத்தினார். அதன்பின்னரே குழந்தையின் அழுகுரல் கேட்டது. அருகில், நாய் கொன்ற ஓநாய் கிடந்தது. கதை இது.

வரலாறு கூறுவதோ வேறு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பயணிகளை ஈர்ப்பதற்காக அவ்வூர் விடுதிக்காரர் டேவிட் பிரிச்சர்ட் அமைத்ததே இக்கல்லறை என்பது ஆய்வாளர் துணிபு. ஊர்ப்பெயரும் பண்டைத் துறவி ஒருவரின் பெயராக இருக்கலாம் என்பர். அங்குள்ள புனித மரியாள் ஆலயம், முன்னர் அகுஸ்தீன் சபைத் துறவியரின் மடத்தைச் சேர்ந்தது. துறவியை மறந்த ஊர், நாயை நினைவில் வைத்திருக்கிறது!

கதையும் நமக்குப் புதிதன்று. பஞ்சதந்திரத்தில் நாய்க்குப் பதில் கீரிப்பிள்ளை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் அந்தக் கீரி உண்டு. விசாரியாமல் ஓங்கிய கை எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது; நம் இல்லங்களிலும் இருக்கிறது.

விடுதிக்காரர் நட்ட கல் பொய்யாகலாம். அது கேட்கும் கேள்வி மெய்யானது. தொட்டிலை நிமிர்த்திப் பார்க்குமுன் நாம் எத்தனை முறை வாளை உருவியிருக்கிறோம்?