உடனடி நூடுல்ஸ்: உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் கவனிக்க வேண்டியவை

ஜவ்வாது மலையில் சாமை நெடுங்காலமாக விளைகிறது. எனினும், விலை குறைவு, விரைவில் வெந்துவிடும் என்பதால் அங்கும் பல வீடுகளில் உடனடி நூடுல்ஸ் இடம்பெறுகிறது. இதில் உப்பு மிகுதி. பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

வாங்கும்போது
• உறையில் உள்ள சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 800 மி.கி. சோடியம் என்பது 2 கிராம் உப்பு. அந்த அளவு 100 கிராமுக்கா, முழுப் பொட்டலத்துக்கா எனப் பார்க்கவும்.
• சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்த பொருளே முதலில் இருக்கும். ‘சாமை நூடுல்ஸ்’ உறையிலும் மைதா முதலில் இருந்தால், சாமை அதைவிடக் குறைவு.
• விலையை எடையோடு ஒப்பிடவும்.

சமைக்கும்போது
• மசாலாவில் பாதியை மட்டும் சேர்க்கவும். தனியாக உப்பு வேண்டாம். ஊறுகாய், அப்பளத்தையும் தவிர்க்கவும்.
• முருங்கைக்கீரை, காய்கறி, முட்டை சேர்த்தால் ஒரு பொட்டலத்தை இருவர் பகிர்ந்து உண்ணலாம்.

எச்சரிக்கை
• சிறுநீரக நோயாளிகள், பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பை மருத்துவர் ஆலோசனையின்றிப் பயன்படுத்தக் கூடாது. கீரையின் அளவையும் கேட்டறியவும்.
• இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் வீட்டிற்கு வரும்போது இரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளவும்.

நூடுல்ஸை அன்றாட உணவாக்க வேண்டாம். வீட்டில் சமைக்கும் சாமைச் சோற்றில் உப்பின் அளவு உங்கள் கையில் இருக்கும்.